நோயும் நோன்பும்

(சங்கத்தின் திங்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பொங்கல் விழா, நவராத்திரிக் கொலு, திருப்புகழ் இசை வழிபாடு, பிள்ளைகளின் நாடகம் என மகிழ்ச்சிக்கு உரியவற்றையே கண்டும் கேட்டும் பழகிய அவை இது. இவ்வவையில் நோயைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எங்களைப் பணித்துள்ளனர். முதலில் தயங்கினோம். எனினும், தலைநகரில் உள்ள நம் குடியிருப்பில் சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இல்லாத இல்லம் அரிது. எங்கள் வாசலில் வந்து நின்ற துன்பம் வேறொரு வாசலையும் நாடலாம். அதனைத் தடுக்கவோ, வந்தபின் தாங்கவோ எங்கள் பட்டறிவு சிறிது உதவுமாயின், தயக்கத்திற்கு இடமில்லை எனத் துணிந்தோம்.

இவ்வுரை எங்கள் இருவர்க்கும் பொதுவானது. நோய் கணவருக்கு, துணை மனைவி. ஆயினும் வாரம் மும்முறை மருத்துவமனைக்குச் செல்லும் வாழ்வில் எது எவருடைய சுமை எனப் பிரித்தறிய இயலாது. ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகின்றோம்.

ஓசையின்றி வந்த நோய்

சிறுநீரகங்கள் இரண்டும் நம் முதுகுப்புறத்தில், விலா எலும்பின் கீழ், கைப்பிடி அளவில் அமைந்தவை. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இவை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, வேண்டியதை மீளவும் உடலுக்கு அளித்து, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் கழிவாக வெளியேற்றுகின்றன. உப்பைச் சமன் செய்தல், இரத்த அழுத்தத்தைக் காத்தல், இரத்த அணுக்கள் பிறக்கத் தூண்டுதல், எலும்பிற்கு உரம் சேர்த்தல் ஆகியவையும் இவற்றின் பணிகளே. இவ்வளவையும் ஓசையின்றிச் செய்வதனாலேயே இவற்றின் அருமையை நாம் அறிவதில்லை. கெடும்பொழுதும் இவை ஓசையின்றியே கெடுகின்றன. பெரும்பகுதி செயலிழக்கும் வரையில் வலியுமில்லை, காய்ச்சலுமில்லை.

எங்களுக்கும் அவ்வாறே நேர்ந்தது. நெடுநாள் சர்க்கரை நோய். அதனோடு இரத்தக் கொதிப்பு. முதலில் கால் வீங்கியது. பின்னர் உணவு கசந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சிறுநீரகங்களின் ஆற்றல் நூற்றில் பத்துக்கும் கீழே போய்விட்டதென்றும், இனி இயந்திரத்தின் துணையின்றி உயிர் தரிக்க இயலாதென்றும் மருத்துவர் கூறினார். அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் நடைபெறுகின்றது. செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களும் எங்களுக்கு டயாலிசிஸ் நாட்கள்.

நான்கு மணி நேரம்

டயாலிசிஸ் என்பது யாதென அறியாதோர் அதனைப் பெரிதும் அஞ்சுவர். நாங்களும் அஞ்சினோம். ஆகவே உள்ளதை உள்ளவாறே சொல்லுகின்றோம்.

முன்னரே, இடக்கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்துத் தைக்கும் சிறிய அறுவை ஒன்று செய்யப்படும். இதனை ஃபிஸ்டுலா என்பர். சில வாரங்களில் அச்சிரை பருத்து உரமேறும். அதன்மேல் விரலை வைத்தால், மீட்டிய தம்பூராவின் தந்தியைத் தொட்டாற்போல ஓர் அதிர்வு தோன்றும். அவ்வதிர்வு உள்ளவரை வழி திறந்துள்ளது என்பது பொருள். நாள்தோறும் துயிலெழுந்தவுடன் நாங்கள் முதலில் செய்வது அதனைத் தொட்டறிவதே. அதன் பின்னரே தெய்வத்தைத் தொழுகின்றோம்.

டயாலிசிஸ் அறையில், பருத்த அச்சிரையில் இரண்டு ஊசிகள் ஏற்றப்படும். அவை மெல்லிய ஊசிகள் அல்ல, தடித்தவை. ஒன்றின் வழியே இரத்தம் வெளிவந்து, மயிரிழை போன்ற பல்லாயிரம் நுண்குழல்கள் அடங்கிய வடிகலனுள் புகுந்து, தூய்மையுற்று, மற்றொன்றின் வழியே உடலுக்குத் திரும்பும். ஒரு நேரத்தில் உடலுக்கு வெளியே இருக்கும் இரத்தம் கால் லிட்டர் அளவுதான். நுண்குழல்களின் புறத்தே ஓடும் நீரோ, நிமிடத்திற்கு அரை லிட்டராக, நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் ஆகின்றது. ஒரு வாரத்தில் 168 மணி நேரமும் இயற்கை இடையறாது செய்துவந்த பணியை, இயந்திரம் 12 மணி நேரத்தில் ஒருவாறு செய்து தருகின்றது. 'ஒருவாறு' என்றோம், முற்றிலும் அன்று. எஞ்சிய குறையை மருந்தும் ஊசியும் உணவுக் கட்டுப்பாடும் நிரப்ப வேண்டும்.

ஆண்டொன்றுக்கு 156 முறை. முறைக்கு இரண்டாக 312 ஊசிகள். ஐந்து ஆண்டுகளில் 780 முறை. இக்கணக்கைச் சொல்வது இரக்கத்தை வேண்டியன்று. ஒரு பெருந்துன்பத்தை ஒருமுறை தாங்குதல் வேறு. ஒரு நடுத்தரத் துன்பத்தை முடிவின்றி மீண்டும் மீண்டும் தாங்குதல் வேறு. முன்னதற்கு வீரம் போதும். பின்னதற்கு வேண்டுவது பிறிதொன்று. அதனையே நாங்கள் நம்பிக்கை என்கின்றோம்.

முயன்றவர்களின் நம்பிக்கை

இவ்வியந்திரத்தின் வரலாற்றைக் கற்றபோது எங்களுக்கு ஓர் ஆறுதல் பிறந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, செருமானியர் பிடியில் இருந்த ஆலந்து நாட்டில், காம்பன் என்னும் சிற்றூரில், வில்லெம் கோல்ஃப் என்னும் இளம் மருத்துவர் 1943-இல் முதல் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். மரச்சட்டத்தாலான உருளை ஒன்று. அதன்மேல் சுற்றுவதற்கு, இறைச்சிப் பண்டங்களுக்கு உறையாகப் பயன்படும் செலோபேன் குழாய். அதுவே கருவி. பதினைந்துக்கும் மேற்பட்ட நோயாளர்க்கு அதனைப் பயன்படுத்தியும் உயிரைக் காக்கும் வெற்றி கிட்டவில்லை. அவர் விடவில்லை. 1945-இல் 67 வயது மூதாட்டி ஒருவர், நினைவிழந்த நிலையிலிருந்து கண் விழித்துப் பிழைத்தெழுந்தார்.

எனினும் அந்நாளில் இம்மருத்துவத்தை ஒருவர்க்குச் சிலமுறையே செய்ய இயலும். ஒவ்வொரு முறையும் குழாய் செருகுவதில் இரத்தக் குழாய் ஒன்று அழிந்துபோகும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், 1960-இல், பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் மருத்துவர், கையிலேயே நிலையாக இருக்கத்தக்க டெஃப்லான் குழாய் ஒன்றை அமைத்தார். அதனைப் பெற்ற முதல் நோயாளி பத்தாண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தார். 1966-இல் நியூயார்க் நகரத்து மருத்துவர்களான பிரெஸ்சியா, சிமினோ முதலியோர் இன்று எங்கள் கையில் அதிரும் ஃபிஸ்டுலா முறையை உலகிற்கு அளித்தனர். நம் தமிழ் மண்ணில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், 1971-ஆம் ஆண்டு சிறுநீரக மாற்று அறுவை வெற்றியுடன் நிகழ்ந்தது.

பதினைந்து முறைக்கு மேல் தோற்றும் அடுத்த நோயாளியின் படுக்கையருகே சென்று நின்ற மருத்துவரின் உள்ளத்தில் இருந்தது வெறும் அறிவு மட்டுமா? அதுவும் ஒரு நம்பிக்கையே. அவருடைய நம்பிக்கையின் பயனை நாங்கள் உண்டு வாழ்கின்றோம். ஆகவே இயந்திரத்தை இறைவனுக்கு மாறாக வந்த பொருளென நாங்கள் கருதுவதில்லை.

நாவின் நோன்பு

ஊசியைக் காட்டிலும் கடியது நாவைக் கட்டுதல். சிறுநீர் வற்றிய உடலில், அருந்திய நீர் முழுதும் அடுத்த டயாலிசிஸ் வரையில் உடலிலேயே தங்கும். எல்லை மீறினால் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சுத் திணறும். எங்களுக்கு மருத்துவர் வகுத்தது, நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குள். காப்பி, மோர், இரசம், குழம்பு, மாத்திரை விழுங்கும் தண்ணீர் யாவும் அக்கணக்கில் அடங்கும். தலைநகரத்துக் கோடையை நீங்கள் அறிவீர்கள். வைகாசி, ஆனியில் வெயில் 45 பாகையைத் தொடும், அனற்காற்று வீசும், மண்பானை நீர் கண்ணெதிரே குளிர்ந்திருக்கும். அப்பானையைக் கடந்து செல்லுதல் எங்களுக்கு ஒரு மலையைக் கடப்பதற்கு ஒப்பாகும்.

காலையில் ஒரு லிட்டர்ப் புட்டியை நிரப்பி வைப்போம். காப்பி அருந்தினால் அதே அளவு நீரைப் புட்டியிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுவோம். புட்டியில் எஞ்சியதே அன்றைய செல்வம். பெரிய டம்ளரை விடுத்துச் சிறிய டம்ளருக்கு மாறினோம். நா வறண்டால் வாய் கொப்பளித்து உமிழ்தல், ஒரு சிறு பனிக்கட்டியை வாயில் அடக்குதல் ஆகியன துணை செய்யும். ஊறுகாயும் அப்பளமும் இல்லத்தை விட்டே நீங்கின; உப்பு குறைந்தால் தாகமும் குறையும்.

இனி, நம் வழிபாட்டோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்ல வேண்டும். வாழைப்பழம், இளநீர், தேங்காய், பேரீச்சை, சுண்டல் ஆகிய யாவும் பொட்டாசியம் என்னும் உப்பு மிகுந்தவை. நலமுடையோர்க்கு அது நன்று; எங்களை ஒத்தவர்க்கோ, இரத்தத்தில் அது மிகுந்தால் நெஞ்சத் துடிப்பே நின்றுவிடும். நட்சத்திரப் பழமோ சிறுநீரக நோயாளர்க்கு நஞ்சு. எங்கள் குலதெய்வம் முருகன். பஞ்சாமிர்தத்தைக் கைநீட்டிப் பெறாமல் அப்பெருமான் திருமுன் நிற்பது முதலாண்டில் பெரும் வேதனையாக இருந்தது. அன்போடு கொணர்ந்தவர்களிடம் 'வேண்டா' எனச் சொல்லுதல் அதனினும் வேதனை. ஒருநாள் கோயில் குருக்கள் எங்கள் தயக்கத்தைக் கண்டு காரணம் வினவினார். அறிந்தபின், "நெற்றியில் இடும் திருநீற்றுக்கு அளவு சொன்ன வைத்தியர் எவரும் இல்லையே!" என்று நகைத்து, கை நிறையத் திருநீறும் ஒரு மலரும் அளித்தார். அன்று முதல் அதுவே எங்கள் பிரசாதம்.

அப்பொழுதுதான் ஓர் எண்ணம் எங்களுக்குத் தோன்றியது. கார்த்திகைச் சோமவாரம், சஷ்டி, ஏகாதசி என்று நம் முன்னோர் நாள் குறித்து, உணவைச் சுருக்கி, ஓரிடத்தில் அமர்ந்து இறைவனை நினைந்தனர். எங்களுக்கும் நாள் குறிக்கப்பட்டுள்ளது; உணவு அளக்கப்பட்டுள்ளது; நான்கு மணி நேரம் ஓரிடத்தில் அசையாது அமருமாறு விதிக்கப்பட்டுள்ளது. நோய் எங்களைக் கேட்டு வரவில்லை. ஆயின் அதனைத் தண்டனையாகச் சுமப்பதா, நோன்பாக ஏற்பதா என்பது எங்கள் கையில் உள்ளது. நாங்கள் நோன்பாக ஏற்றோம். முதல் ஊசி ஏறும்பொழுது கந்தரனுபூதியை மனத்துள் தொடங்குவோம். ஐம்பத்தொரு பாடல்களும் முடிவதற்குள் வலி அடங்கிவிடும். ஊசி மாறவில்லை, வலியும் மாறவில்லை. அமர்ந்திருப்பவரே மாறினார்.

அஞ்சிய நாட்கள்

இவ்வாறு சொல்வதனால், நாங்கள் அஞ்சாதவர்கள் என எண்ணிவிட வேண்டா. ஒருநாள் வைகறையில் கையைத் தொட்டபொழுது அதிர்வு இல்லை. ஃபிஸ்டுலா அடைபட்டிருந்தது. அன்றே கழுத்துச் சிரையில் குழாய் செருகி டயாலிசிஸ் செய்தனர். மூன்றாம் வாரத்தில் அக்குழாயின் வழியே தொற்று ஏற்பட்டு, நடுக்கத்தோடு கடுங்காய்ச்சல் கண்டது. மீண்டும் மருத்துவமனை, மீண்டும் வேறொரு குழாய், முழங்கையருகே புதிய ஃபிஸ்டுலாவிற்கென மீண்டும் அறுவை. அந்நாட்களில், "போதும், இனி என்னை விட்டுவிடு" என்னும் சொல் எங்களுள் ஒருவர் வாயிலிருந்து வந்ததுண்டு. மற்றவர் மறுமொழி கூறவில்லை. மறுநாளைக்கு உரிய சட்டையை மடித்துப் பையில் வைத்தார். மறுநாள் சென்றோம்.

டயாலிசிஸ் அறையில் எங்களுக்கு இடப்பக்கம் சீக்கியப் பெரியவர் ஒருவர். இரத்தம் ஓடத் தொடங்கியதும் உதடுகள் அசையத் தம் மறையை ஓதுவார். வலப்பக்கம் மேவாத்துப் பகுதியிலிருந்து வரும் இசுலாமிய அம்மையார் ஒருவர். ஊசியில்லாத கையில் செபமாலை உருளும். எங்களுக்கு ஊசி ஏற்றுபவரோ கேரளத்துக் கிறித்தவச் சகோதரி. மொழி வேறு, மறை வேறு. ஆயினும் எடை பார்க்கும் பொறியின்மேல் ஏறி நிற்கும்பொழுது எல்லோர் முகத்திலும் ஒரே கவலை. நான்கு மணி நேரம் கழிந்து எழும்பொழுது எல்லோர் முகத்திலும் ஒரே தெளிவு. ஒரு சனிக்கிழமை அப்பெரியவரின் படுக்கை வெறுமையாக இருந்தது. அடுத்த செவ்வாயன்று அதில் ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். எவரும் எதுவும் கேட்கவில்லை. அம்மையார் மட்டும் தம் செபமாலையைச் சிறிது நேரம் நிறுத்தி, அவ்விளைஞனை நோக்கி, "அஞ்சாதே, மகனே" என்று தம் மொழியில் கூறினார். நம்பிக்கை என்னும் சொல்லுக்கு அதனினும் தெளிந்த பொருளை நாங்கள் எங்கும் கற்றதில்லை.

கோயிலும் ஆதுலசாலையும்

நலம் விரும்பிகள் சிலர் எங்களிடம், "இயந்திரத்தை விட்டுவிடுங்கள், ஒரு மண்டலம் இன்ன மூலிகையை உண்டு, இன்ன தலத்தில் தங்குங்கள், நோய் பறந்துவிடும்" என்றனர். அவர்தம் அன்பை ஐயுறோம். ஆயின் இச்சிகிச்சையில் இரண்டு மூன்று முறை தவறினாலே உயிர்க்கு இறுதி நேரலாம். அங்ஙனம் துணிவது இறைவனை நம்புதல் அன்று, அவனைச் சோதித்தல். திருவதிகையில் நாவுக்கரசர் பெருமானின் சூலை நோய் நீங்கிய வரலாற்றைப் பெரிய புராணத்தில் பயின்று உருகுகின்றோம். எங்களுக்கும் அவ்வண்ணமே நீங்க வேண்டும் என்று வழக்காட மாட்டோம். அவ்வரலாற்றில் நாங்கள் கைக்கொள்வன வேறு இரண்டு. தம்பியின் நோய்க்கு இரங்கித் திருநீறளித்து அழைத்துச் சென்ற தமக்கை திலகவதியார் ஒன்று. நலம் பெற்ற பின்னர் உழவாரப்படை ஏந்தி ஊர்தோறும் திருக்கோயிற் பணி செய்த நாவரசரின் தொண்டு மற்றொன்று.

நம் முன்னோர் கோயிலையும் மருத்துவத்தையும் பகையாக்கியவர் அல்லர். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அக்கோயிலைச் சார்ந்து 'வீரசோழன்' என்னும் பெயரால் ஓர் ஆதுலசாலை, அஃதாவது மருத்துவமனை, பதினைந்து நோயாளர் படுக்கைகளோடு நடைபெற்றதனை அது கூறுகின்றது. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் என ஒவ்வொருவர்க்கும் ஊதியம் வகுத்து, வைத்திருக்கவேண்டிய மருந்துகளின் பெயரையும் கல்லில் பொறித்துள்ளனர். பெருமாள் இருக்கின்றார், மருத்துவமனை எதற்கு என்று அவர்கள் வினவவில்லை. பெருமாள் இருக்கும் இடத்தில் மருத்துவமனை இல்லாதிருக்கலாமா என்றே எண்ணினர்.

2023-ஆம் ஆண்டில் எங்கள் நெடுநாள் வேண்டுதல் ஒன்று நிறைவேறியது. சனிக்கிழமை சிகிச்சை முடித்து அன்றிரவே புகைவண்டி ஏறினால் திங்கள் காலை சென்னை. செவ்வாயன்று அங்கே டயாலிசிஸுக்கு முன்னரே பதிவு செய்திருந்தோம். புதனன்று சீர்காழியை அடுத்த வைத்தீசுவரன் கோயிலைச் சென்று தொழுதோம். அங்கே இறைவன் பெயரே வைத்தியநாதன். அம்மை தையல்நாயகி, தைலப் பாத்திரம் ஏந்தி, நோய் தீர்க்க வந்த அவனுடன் வந்தாள் என்பது தலமரபு. தெய்வமாகிய மருத்துவனும் தனித்து வரவில்லை. துணையோடு வந்தான் என்பதை எண்ணி நெடுநேரம் அங்கே நின்றோம். வியாழனன்று வழியில் ஓர் ஊரில் டயாலிசிஸ் செய்துகொண்டோம். வேண்டுதலும் தவறவில்லை, சிகிச்சையும் தவறவில்லை.

நான்காம் துணை

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை வகுத்துள்ளார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் என்பன அவை. முதல் மூன்றும் மருத்துவமனையில் உண்டு. நான்காவது எங்கே உள்ளது? சொந்த ஊரில் உற்றார் சூழ வாழ்வோர்க்கு அது இல்லத்திலேயே உண்டு. பிள்ளைகள் ஒருபுறம், உடன்பிறந்தோர் ஒருபுறமாகப் பிரிந்து, இங்கு வந்து குடியேறிய நமக்கோ, இச்சங்கமே நான்காம் துணை.

இதனை முகமனாகச் சொல்லவில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. பேருந்து இல்லை, ஆட்டோ இல்லை, தெருவில் ஆளில்லை. மறுநாள் வியாழன், எங்களுக்கு உரிய நாள். இயந்திரத்திற்கு ஊரடங்கு தெரியாது. நம் குடியிருப்பைச் சேர்ந்த அன்பர் ஒருவர், தாமும் அறுபதைக் கடந்தவர், அனுமதிச் சீட்டுப் பெற்று, தம் காரில் எங்களை அழைத்துச் சென்றார். நான்கு மணி நேரம் வெளியே காரிலேயே காத்திருந்தார். ஒருநாள் அன்று, ஊரடங்கு தளரும் வரை, வாரம் மூன்று நாள். அவர் பெயரைச் சொல்லலாகாது என்று எங்களைத் தடுத்துள்ளார், ஆகவே சொல்லவில்லை. அவர் இவ்வவையில்தான் அமர்ந்திருக்கின்றார். நாங்கள் வேண்டிய முருகன் மயில்மேல் வரவில்லை. பழைய மாருதி கார் ஒன்றில் வந்தான். அவ்வளவே.

ஆகவே, இச்சங்கத்தாரிடம் நாங்கள் வேண்டுவன சில.

முதலாவது, நம் ஆண்டு விழா நாளன்றே இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் ஆகிய நான்கையும் சோதிக்க ஏற்பாடு செய்க. சர்க்கரையும் கொதிப்பும் உடையோர் ஆண்டிற்கு ஒருமுறையேனும் இவற்றைச் சோதித்தல் வேண்டும். முளையிலேயே கண்டால் நோயின் வேகத்தைப் பெரிதும் தணிக்கலாம். மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் மருத்துவரைக் கேளாமல் நாள்தோறும் மாத்திரை விழுங்கும் வழக்கத்தையும் விடுக. அவற்றுள் பல சிறுநீரகத்தைக் கெடுப்பவை.

இரண்டாவது, நோயாளர் இல்லத்திற்குச் செல்லும்பொழுது பழமும் இளநீரும் கொண்டு செல்லுமுன் ஒரு சொல் கேளுங்கள். "எப்பொழுது குணமாகும்?" என வினவ வேண்டா, அதற்கு எங்களிடம் விடையில்லை. "வியாழக்கிழமை நான் உடன் வரட்டுமா?" என வினவுங்கள், அதற்கு எங்களிடம் விடையுண்டு.

மூன்றாவது, 2016-17 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டத்தின்படி, வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோர்க்கு அரசு மாவட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றி இச்சிகிச்சை அளிக்க வழி செய்யப்பட்டது. நம் இல்லங்களில் பணி செய்வோர் பலர் இதனை அறியார். பொருள் இல்லாமையால் வாரம் மும்முறை வேண்டியதை இருமுறையாகவும் ஒருமுறையாகவும் குறைத்துக்கொள்வோர் நம் நாட்டில் பலர். படிவம் நிரப்பித் தருவதும் ஒரு திருப்பணியே.

நான்காவது, உறுப்புக்கொடை. எங்களுள் மனைவிக்கும் சர்க்கரை நோய் உள்ளமையால் அவர் சிறுநீரகம் தர இயலாதென மருத்துவர் கூறிவிட்டனர். ஆகவே, இறந்தோரிடமிருந்து பெறுவதற்கான பட்டியலில் பெயர் பதிந்து காத்திருக்கின்றோம். மூளைச்சாவு எய்தியோர் உறுப்புகளைப் பிறர்க்கு அளிக்க 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்தது. தமிழகத்தில் 2008-ஆம் ஆண்டு, சாலை விபத்தில் மகனை இழந்த மருத்துவப் பெற்றோர் இருவர் அவனுடைய உறுப்புகளைக் கொடையாக அளித்தது நாட்டையே உருக்கியது. இக்கொடையைப் பற்றி உங்கள் இல்லத்தாரிடம் இன்றே பேசி வையுங்கள். துன்பம் சூழ்ந்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்களே. முன்னரே பேசியிருந்தால் அவர்க்கு அது எளிதாகும்.

எங்கள் பெயருக்கு அழைப்பு வருமா, எப்பொழுது வரும் என நாங்கள் அறியோம். வந்தால் இறைவன் அருள். வாராவிடினும் அவன் அருளுக்குக் குறைவில்லை. இடையில் உள்ள நாட்களை வீணாக்க விருப்பமில்லை. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை ஈராண்டுகளாக எங்களுள் ஒருவர் நடத்திவருகின்றார். சனியன்று தூய்மையுற்ற இரத்தத்தின் தெம்பு ஞாயிறன்று நன்றாகவே இருக்கும். இருபது பிள்ளைகள் அகரம் எழுதும் அவ்வொரு மணி நேரத்தில் நோய் என ஒன்று உண்டு என்பதே எங்களுக்கு மறந்துபோகின்றது. எங்கள் கைக்கு எட்டிய உழவாரப்படை அது.

பெரியோர்களே! நம்பிக்கை என்பது நோய் நீங்கிவிடும் என்னும் எதிர்பார்ப்பு மட்டும் அன்று. நீங்காத நோயோடு, அடுத்த செவ்வாய்க்கிழமையும் எழுந்து, நீராடி, திருநீறணிந்து, கையை நீட்டும் ஆற்றலே நம்பிக்கை. அவ்வாற்றலை இறைவன் எங்களுக்கு அளிக்கின்றான். அதனை நாள்தோறும் கொணர்ந்து எங்கள் வாசலில் வைப்பவர்களோ நீங்கள். நோயுற்ற எவரும் நம் குடியிருப்பில் தனியே மருத்துவமனைக்குச் செல்லும் நிலை இராதாகுக. அனைவரும் நலமுடன் நீடு வாழ்க!